செம்பிக்கு வைத்த சோறு

ஒதியம்பட்டு அம்சவள்ளியிடம் யாரும் எந்தக் குறையும் சொல்லலாம், பாலில் மட்டும் சொல்லக் கூடாது. வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது செம்பி என்கிற வெள்ளாடு ஒன்றுதான். காலையில் கறக்கிற பால் அடுத்த வீட்டு லில்லியின் மூன்று வயது மகளுக்குப் போகும். தூக்குவாளியைக் கொடுக்கும்போதெல்லாம், தன் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லித்தான் கொடுப்பாள்.

இந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. வரப்பெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. மேய்ச்சல் கிடையாது, தழை ஒடிக்கப் போனால் முழங்கால் சேறு. மண்டபத்திலோ முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சோறு மிஞ்சியது. மனுஷர் சாப்பிடுகிற வெள்ளைச் சோற்றைவிடத் தழை என்ன உசத்தி என்று அவளுக்குத் தோன்றியது. நமக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். மிஞ்சியதைக் கொண்டுவந்து முதலில் இரண்டு கைப்பிடி வைத்தாள், பிறகு அரை வாளி. செம்பி வாளியை நக்கிப் பளபளப்பாக்கியது. இரண்டு நாள் பால்கூடக் கொஞ்சம் கூடியது. அம்சவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் லில்லி வந்து தயங்கி நின்றாள். காய்ச்சினால் ஆடையே கட்டவில்லை, பால் தண்ணீராக இருக்கிறது என்றாள். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. ஆனாலும் அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. நான் தண்ணி ஊத்துறேன்னு சொல்றியா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசித் தீர்த்தாள். லில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கோபம் ஆறவில்லை. சத்து ஏறினால் பால் கெட்டியாகும், அப்புறம் பார்க்கலாம் அவள் மூஞ்சியை என்று, அன்று சாயங்காலமே வாளி நிறையச் சோறு வைத்தாள். கிடந்த கொஞ்சம் வைக்கோலையும் எடுத்து ஓரமாகப் போட்டாள், வயிற்றில் அது இடத்தை அடைப்பானேன் என்று. இப்படி ஒரு வீம்பு.

மறுநாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்தபோது செம்பி வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. அசை போடவில்லை. பின்னங்கால் முழுக்கக் கழிச்சல். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிற மணிவண்ணனைப் போய்க் கையோடு கூட்டிவந்தாள். அவர் விலாவை அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன வைத்தாய் என்று கேட்டார். சொன்னாள்.

"சோறு வயித்துல புளிச்சிப் போச்சிக்கா. தழை, வைக்கோலுன்னு நாரு போனாத்தான் நல்லா அசை போடும். அசை போட்டாத்தான் எச்சி ஊறி அந்தப் புளிப்ப அடக்கும். நாரு இல்லன்னா பாலுல கொழுப்பும் ஏறாது. நாலஞ்சு நாளா பாலு தண்ணியா வந்திருக்குமே, பாக்கலியா?"

அவர் ஊசி போட்டு, சோடா உப்பு கரைத்துப் புகட்டினார். இன்றைக்குத் தாண்டினால்தான் பிழைக்கும் என்றார். அம்சவள்ளி சேற்றில் இறங்கிப் பூவரசந்தழை ஒடித்து வந்தாள். நேற்றே இறங்கியிருக்கலாம், காலொன்றும் தேய்ந்திருக்காது. தழையை வாயருகே நீட்டினாள். செம்பி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விளக்கு வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மணிவண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த லில்லி, ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ தண்ணி கலக்கலன்னு தெரிஞ்சிபோச்சி, உன்மேல சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிக்கோக்கா என்று அழுதாள். தெருவில் நாலு பேர் கேட்க அவள் சொன்ன அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனையும். இப்போது அது அம்சவள்ளியின் காதில் ஏறவே இல்லை. செம்பியின் மடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நீ இன்னா தப்பா சொன்ன? பாலு தண்ணியா கீதுன்னு சொன்ன. அது எனக்கு செம்பி சொல்லி அனுப்புனது லில்லி. நான்தான் உங்கிட்ட சண்ட போட்டுகினு இருந்துட்டேன்."