கேடுலகம் படித்த ஆண்டு

‘கேடுலகம்’ என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவின் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து துண்டை எடுத்து, மிச்ச எழுத்துகளை அதைக்கொண்டே எழுதி முடித்தார். டிஸ்டோபியா என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் நாவல் வகைக்கு அவர் தாமே வைத்த பெயர் அது. மக்களின் நன்மைக்கு என்று சொல்லியே அவர்களுடைய பேச்சையும் உறக்கத்தையும் வேவு பார்க்கும் நாடுகளைப் பற்றிய கதைகள். பசுமலைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், ஆங்கில முதுகலை மாணவர்களுக்கு அந்தப் பாடத்தைப் போராடிக் கொண்டுவந்தவர் அவர். நான் அதே துறையில் அவருக்கு மூன்று ஆண்டு இளையவன். பாடத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நடத்தினோம். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள், நான் மட்டும் அக்கா என்றேன். அந்த உரிமையை எழுதும்போதே இப்போது கூசுகிறது.

கீழக்குயில்குடிக்கு அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். இந்த நாவல்களைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு செய்துகொண்டிருந்தார். எங்கள் துறைத் தலைவர்தான் அவருக்கு நெறியாளர். மூன்று இயல்கள் முடிந்திருந்தன. இடிந்த நகரங்களையும் வானத்தில் பறக்கும் காவல் எந்திரங்களையும் ரசிக்கும் மாணவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுமை போய்விடும். “எந்த வருசத்துல நடக்குதுன்னு பாக்காதீங்கப்பா. யாரு யாருக்குப் பயப்படுறாங்கன்னு பாருங்க” என்பார். ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: “இந்த மாதிரிக் கதையப் படிக்கிற அம்புட்டுப் பேரும் தன்னத்தான் எதுத்து நிக்கிற ஆளா நெனச்சுக்கிறோம் தம்பி. அந்த நாட்டுல ஃபைலத் தூக்கிக் குடுக்குற குமாஸ்தாக எத்தன ஆயிரம் பேரு இருப்பாக! ஒருத்தராச்சும் அது நாந்தான்னு நெனச்சுப் படிக்கிறோமா?” நான் சிரித்தேன். நல்ல கருத்து, ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பருவத்தின் நடுவில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே சட்டமாக வைத்திருக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து எழுதுங்கள் என்றார். ஆங்கிலமோ தமிழோ, எதில் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் வகுப்பில் யாரும் பேனாவை எடுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “இத வேற யாரும் படிப்பாங்களா மேடம்?” என்று கேட்டாள். “என்னயத் தவிர ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. இது என் வாக்கு” என்றார் அக்கா. அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள். அந்தத் தாள்களைக் கட்டி, துறை அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தப் பீரோவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், இன்னொன்று என்னிடம்.

எழுதியவர்களில் ஒருவன், கல்லூரி மாடிப்படிகளில் இருக்கும் கேமராக்களைப் பற்றித் தான் எழுதியதைப் பெருமையாகத் தன் ஃபோன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். மறுநாள் துறைத் தலைவர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அக்கா அன்று விடுப்பில் இருந்தார். தலைவர் என்னை மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், என் பணி நிரந்தரத்துக்கான கோப்பு நல்லபடியாக நகர்வதாகச் சொன்னார். பிறகு, “அந்தப் பேப்பர் கட்ட மேனேஜ்மென்ட்ல கேக்குறாங்க தம்பி. சாவி உங்ககிட்டயும் இருக்குல்ல?” என்றார். நாங்கள் நடத்திய நாவல்களில் ஒரு மனிதனைப் பணியவைக்க வதைக்கூடமும் இருட்டறையும் தேவைப்பட்டன. எனக்கு ஒரு டம்ளர் காபி போதுமாயிருந்தது.

பீரோவைத் திறந்து, கட்டின் மேலிருந்த தாளை நின்றபடியே படித்தேன். கேள்வி கேட்ட அந்த மாணவி எழுதியது. அவள் வீடு சோழவந்தான் பக்கம். ஒரே ஒரு குடிமகள் மட்டும் வாழும் நாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தக் குடிமகள் பஸ் ஏறியதும் ஒரு படம், கல்லூரி வாசலில் ஒரு படம், திரும்பும்போது ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாலையில் காவலர் அவளுடைய ஃபோனை வாங்கிச் சோதிப்பார். காவலரும் அரசரும் அவள் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவளை விசாரிப்பார்கள். காவலர் அவளுடைய அண்ணன், அரசர் அவளுடைய அப்பா என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை. நான் நடத்திய எந்த நாவலிலும் அப்படி ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை. படித்து முடித்தேன். மடித்துக் கட்டுக்குள் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேமராவைப் பற்றி எழுதியவன் மன்னிப்புக் கடிதத்தோடு தப்பித்தான். அந்தப் பெண்ணுக்கு அப்படி முடியவில்லை. பெற்றோரிடம் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்று அவளுடைய அப்பாவையும் அண்ணனையும் வரவழைத்தார்கள். முதல்வர் அறையில் அவளை நிற்கவைத்து, அவள் எழுதியதை அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டினார்கள். நான் வராந்தாவில் நின்றேன். வெளியே வந்தபோது அண்ணன் முன்னாலும் அப்பா பின்னாலும் நடக்க, அவள் நடுவில் நடந்து போனாள். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. இரண்டே மாதத்தில் வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

நான் கட்டைக் கொடுத்த மறுநாளே, விடுப்பு முடிந்து வந்த அக்கா பீரோவைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அறையைவிட்டுப் போய்விட்டார். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கொடுத்தார் என்று அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். துறைத் தலைவர் அவருடைய ஆய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறு நெறியாளர் யாரும் ஏற்கவில்லை. மூன்று இயல்களோடு ஆய்வு நின்றுபோனது. எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தப் பாடத்தை இப்போது நான் ஒருவனே நடத்துகிறேன், அவருடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு.

போன மாதம் சிம்மக்கல்லில் அவரைப் பார்த்தேன். மொத்த வியாபாரக் கடைகளுக்கு மேலே மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆங்கில இலக்கணம் நடத்துகிறார். படிக்கட்டு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்நெற்றியில் நரை கண்டிருந்தது. போய் நின்றேன்.

“அக்கா, என்னய மன்னிச்சிருங்க.”

“எங்கிட்ட எதுக்குய்யா கேக்குற?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “எனக்கு வேலதான் போச்சு. அந்தப் பிள்ளையத்தான் நான் எப்பவாச்சும் போயிப் பாத்துட்டு வாரேன். வீட்டுக்காரரு இருக்கையில பேச மாட்டா. போன தடவ ஒண்ணு கேட்டா. ‘நான் எழுதுனதச் சாரும் படிச்சாரா மேடம்? நல்லாருக்குன்னாரா?’ன்னு.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“படிச்சியா?”

“படிச்சேன்க்கா.”

“எப்ப? குடுக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

எங்களை இடித்துக்கொண்டு மூட்டை தூக்கிகள் போய்வந்தார்கள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “முன்னாடி” என்றேன்.

அவர் கிளாஸை டீக்கடைப் பலகையில் வைத்தார். “அத அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்” என்றார். “அவ இன்னும் ஒன்னய வாத்தியார்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.” திரும்பிப் பார்க்காமல் மாடியேறிப் போனார்.