பச்சை ஆப்பிளோடு அரைத்த இலை

எங்கள் ஊர் கூலாயிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பயம். மார்பில் கட்டி என்று தெரிந்த அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை. இரண்டாவது கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவது) முடிந்த பிறகு காய்ச்சல் வந்திருந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

வெள்ளை அணுக்கள் (கிருமியை எதிர்ப்பவை) அடிமட்டத்துக்குப் போயிருந்தன. கல்லீரலும் சரியில்லை. மூன்றாவது கீமோவைத் தள்ளிவைத்தார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, இரத்தம் தேறட்டும் என்றார் டாக்டரம்மா. அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டதும் நான் என் கணவரைப் பார்த்தேன். இங்கே புற்றுநோய் என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு இலையோடு வந்துவிடுவார்கள். எங்களுக்கு வந்தது பெலாலாய் காஜா, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தொட்டியில் வளர்க்கும் செடி. பக்கத்து ஊரான செனாயில் இருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்புமுன் இவர் தினமும் ஒரு கைப்பிடி பறித்து, பச்சை ஆப்பிளோடு அரைத்துக் கொடுப்பார். கிருமியைக் கொல்லும், செல்லைக் காக்கும் என்று கைப்பேசியில் படித்தும் காட்டுவார்.

இவர் எல்லாவற்றையும் சொன்னதும் டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஆய்வுக்கூடத் தட்டுல கிருமி சாகுது, உண்மைதான். உங்க வைஃப் உடம்பு தட்டு இல்லையே. செல்லைக் காக்கும்னா, நல்ல செல்லை மட்டும்தான் காக்கும்னு யாரு சொன்னா? அதோட இது மண்ணுல வளர்ற, வேகவைக்காத இலை, கிருமி ஒட்டியிருக்கும். இவங்களுக்கு இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்ல."

"அப்ப என்னாலதான் காய்ச்சலா, டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"அப்படியும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பதிலில் மனிதர் ஒடிந்துபோனார்.

கிருமிக்கொல்லி மருந்து ஏற்றி, காய்ச்சல் இறங்கி, வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் அவருக்குக் கை ஓடவில்லை. சாறு அரைக்கும் வேலை இல்லாமல் சமையலறையில் சும்மா நின்றார்.

"எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், மாலா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குமேல் பாவமாகவும் இருந்தது. அந்தச் சாறு எனக்கு என்ன செய்ததோ தெரியாது, அவருடைய பயத்துக்கு அதுதான் மருந்தாக இருந்திருக்கிறது.

இரத்தம் தேறியது. மூன்றாவது கீமோ ஏறியது, மிச்சமும் முடிந்தது. இப்போதைக்குக் கட்டி இல்லை என்கிறார்கள். வலி வந்தால் பயப்படுவேன். வலி இல்லாமல் உடம்பு சும்மா இருந்தாலோ, எனக்குத் தெரியாமல் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று அதைவிடப் பயம். அடுத்த தீபாவளி என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் இவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். சூடு இல்லை என்று அவர் தலையாட்டிய பிறகுதான் எனக்கு அந்த நாள் தொடங்குகிறது.