பலாக்கொட்டை எழுத்து

அரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே போர்டு எழுதிக்கொண்டிருந்த முனாப் பாயின் எழுத்துகளுக்கு மூலையே கிடையாது. சைக்கிள் பம்பு வைத்துக் காற்றடித்ததுபோல ஒவ்வொன்றும் உப்பியிருக்கும். கோடுகளின் முனை விரல் நுனி மாதிரி உருண்டு நிற்கும். சுழிக்குள் இருக்கும் இடைவெளி புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். சோடாக் கடைக்கும் அல்வாக் கடைக்கும் அது பிரமாதமாகப் பொருந்தியது. பத்திரம் எழுதுபவர் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். "ஆளுங்க பலகாரம் கேட்டு வந்துருவாங்க பாய்."

1973-ல் பஸ் முதலாளி மாதேஸ்வரன் சித்தேரி மலைக்கு ஒரு வண்டி விட்டார். அதன் முன்பலகையை முனாப்பிடம் கொடுத்தார். மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கரை கட்டி, ‘சித்தேரி’ பலகை முழுக்கக் குண்டாக உட்கார்ந்தது.

முதலாளி சிரித்தார். "இது பஸ்ஸா, பஞ்சுமிட்டாய் வண்டியா?"

சந்தை நாளில் அந்தச் சிரிப்பு அடங்கியது. மலையிலிருந்து வருபவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கூட்டத்துக்கு அப்பால் நின்றே அந்தக் குண்டு எழுத்தை அடையாளம் கண்டு, யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார்கள். புளி விற்க வரும் சின்னக்கா அதற்குப் ‘பலாக்கொட்டை எழுத்து’ என்று பேர் வைத்தார்.

எழுத்துதான் ஆளை இழுக்கிறது என்று முடிவு கட்டிய மாதேஸ்வரன், தன் திருவண்ணாமலை வண்டிக்கும் அதையே எழுதச் சொன்னார். முனாப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சந்தையன்று பாதி சித்தேரி திருவண்ணாமலை வண்டியில் ஏறிவிட்டது. ஊர் எல்லையில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கோழிக்கூடையும் உப்பு மூட்டையுமாக எல்லாரும் இறங்கி, திட்டிக்கொண்டே பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.

முதலாளி கொதித்துப் போனார். "ரெண்டு பலகையையும் சொரண்டுங்க பாய். ஊருல எல்லாரும் எழுதறாப்பல ஒல்லியா எழுதுங்க."

தானே உருட்டி உருட்டி உண்டாக்கிய எழுத்து. முனாப் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு சித்தேரி வண்டியை நோக்கிப் போனார். தலைச்சுமையை இறக்கிவிட்டு, சின்னக்கா குறுக்கே வந்து நின்றார்.

"யாரு எழுத்த யாரு சொரண்டறது? அது எங்களுது. அந்த வண்டிக்கு வேறத எழுதிக்க."

"எழுதுனது நானுங்க, சின்னக்கா."

"எழுதுனது நீ. ஏறறது நாங்க."

பின்னால் நின்ற கூட்டம் ஆமாம் போட்டது. ஒரு வண்டி நிறையும் அளவுக்குக் கூட்டம் இருந்ததை முதலாளியும் பார்த்தார். "சரி, சித்தேரிக்கு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். முனாப் தகட்டை அடுத்த வண்டிக்குத் திருப்பினார். பொழுது சாய்வதற்குள் திருவண்ணாமலை ஒல்லியாகிவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து முனாப்பின் மகள் நசீம் பானுவுக்கு நிக்காஹ். மலையாட்களையும் அழைத்திருந்தார். தெருவுக்குள் பந்தலை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பஸ் நிலையத்தில் சின்னக்காவைப் பிடித்துக் கேட்டார்.

"பந்தல் வாசல்ல நம்ம எழுத்த எழுதிக்கலாமுங்களா?"

"எங்க எழுத்த இரவல் கேக்கறியா?"

"ஒரு நாளைக்குத்தானுங்க."

சின்னக்கா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "எழுதிக்க. பந்தலு எத்தன மணிக்குப் பொறப்படும்னு மட்டும் சொல்லிப்புடு."