அசையாமல் நின்ற ஆட்டம்

நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி ஆடிப் பழகுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் வரும். முன்கூட்டி அமைத்த அடவு எதுவும் கிடையாது. தவில்காரர் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ, அவர் நடுவில் வந்து தோன்றியதை ஆட வேண்டும். மற்றவர்கள் அதையே திருப்பி ஆட வேண்டும்.

சேர்ந்த நாளிலிருந்து தவில்காரர் கண்ணில் படாமல் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிறன்று மாட்டிக்கொண்டேன்.

நடுவுக்குப் போனதும் ஒன்றுமே தோன்றவில்லை. தவிலின் வேகம் ஏறிக்கொண்டே போனது. கால் எழவில்லை. இப்போது சிரிப்பார்கள் என்று பயந்து நிமிர்ந்தேன். சுற்றிலும் எல்லோரும் என்னைப் போலவே அசையாமல் நின்றார்கள். தவிலும் சட்டென்று ஓய்ந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் விரல்கள் நடுங்கின. அத்தனை பேரின் விரல்களும் நடுங்கின. தவில்காரர் விரல் நுனியால் அந்த நடுக்கத்தை மெல்ல வாசித்தார். என் கால் தானாக எழுந்தது.

முடிந்ததும் பக்கத்தில் ஆடிய செல்வி அக்காவிடம், "அக்கா, நான் பயத்துல நின்னுட்டேன்" என்றேன்.

"தெரியும்ட்டி. அதான் நாங்களும் நின்னோம்."

பொங்கல் விழா மேடையில் அதே மாதிரி நின்று, விரல்களை நடுக்கிக் காட்டினேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. செல்வி அக்கா மட்டும் என் காதருகே வந்து, "இன்னைக்குப் பொய்யா நின்னட்டி. அன்னைக்கு நின்னதுதான் நெசம்" என்றார்.

எனக்கு வந்த பாராட்டுகளில் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.