தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மேல்முறையீடே இல்லாத நீதிமன்றம் நகரத்தில் ஒன்றுதான் இருந்தது: அந்தப் பழைய சினிமா தியேட்டர். நீதிபதி, இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர். பேட்டைக்கே அவர் டார்ச்சண்ணன். நாற்காலிகளின் எண்கள் எப்போதோ உதிர்ந்துவிட்டதால், யார் எங்கே உட்காருவது என்பதை இருபத்தேழு வருஷமாக அவரே தீர்ப்பளித்து வந்தார். இருமுகிறவர் வாசலோரம். கதையை முன்கூட்டியே சொல்லித் தொலைக்கிறவர் கடைசி வரிசை. தாமதமாக வருகிறவருக்கு உச்சபட்ச தண்டனை: பால்கனியைத் தாங்கும் இரும்புத் தூணுக்கு நேர் பின்னால். அங்கிருந்து திரையின் இரண்டு ஓரங்கள் மட்டும் தெரியும்.

முதலாளியின் மருமகனோ தியேட்டரை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தார். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு தன் பட்டியலில் சேர்த்தால்தான் கட்டடம் தப்பும். குழுவினர் மூன்று பேர் மேட்னி காட்சிக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

அன்று டார்ச்சண்ணன் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார்.

"நம்ம கல்யாணத்துக்கே ஒரு தடவைதான் போட்டீங்க" என்றாள் மனைவி.

"அன்னிக்கு நீ ஏற்கெனவே சரின்னு சொல்லியாச்சு. இவங்க இன்னும் சொல்லலையே. இடிச்சுட்டா நான் எங்கடி போவேன்?"

குழுவின் நிபுணர்கள் இருவர் நேரத்துக்கு வந்தார்கள். நட்டநடுவே நல்ல நாற்காலிகளில் அமர்த்தினார். படம் தொடங்கி இருபது நிமிஷம் கழித்து ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்தார். டார்ச்சண்ணனின் மூளை யோசிக்குமுன் கை தீர்ப்பு எழுதிவிட்டது.

"மணி பார்த்து வரக்கூடாதாம்மா? உக்காருங்க, சத்தம் போடாம."

இடைவேளையில் விளக்கு எரிந்தது. நிபுணர்களில் ஒருவர் பதறி ஓடினார். "மேடம்! தலைவர் நீங்க, இங்கயா இருக்கீங்க?"

டார்ச்சண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். "தெரியாம பண்ணிட்டேம்மா. நடுவுல வாங்க, நல்ல சீட்டு இருக்கு."

"இருங்கண்ணா." அந்த அம்மாள் நகத்தால் தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "படம்தான் ஒண்ணும் தெரியலையே, சும்மா சாஞ்சேன். கையில என்னமோ நெருடுச்சு."

ஐந்தாறு பெயிண்ட் பூச்சுகளுக்கு அடியில் வார்ப்பிரும்புக் கொடி ஒன்று, இலையும் மொட்டுமாக, தூணைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. நடுவே அமர்ந்த நிபுணர்களுக்கோ கதாநாயகிக்காகக் கண்ணீர் விட்டதில் கட்டடத்தைப் பார்க்க நேரமில்லை.

"இந்த மாதிரி எத்தனை தூண்?"

"பன்னெண்டும்மா."

"காட்டுங்க."

படத்தின் மறுபாதி முழுக்க டார்ச்சண்ணன் தூண் தூணாக டார்ச் அடித்தார்.

"யோவ் டார்ச்சு, அணைய்யா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அரசாங்க வேலை நடக்குது, வாயை மூடு!"

மூன்றாம் மாதம் கட்டடம் பட்டியலில் சேர்ந்தது. ஒரு தூணையும் அசைக்கக்கூடாது என்று உத்தரவு. மருமகன் கொதித்துப்போய் வந்தார்.

"யாருய்யா அந்தம்மாவைத் தூணுக்குப் பின்னால உக்கார வச்சது?"

"நான்தான் சார்" என்றார் டார்ச்சண்ணன், அசையாமல். "லேட்டா வந்தாங்க."