வாட்ச்மேன் உட்காரும் கல்

கோவளம் கழிமுகத்தின் ஓரத்தில் என் அத்தை ஹேமாவதிக்கு ஒரு மனை இருந்தது. மாமா சாம்பசிவன் அதைச் சித்திரை வெயிலில் பார்த்து வாங்கினார். அப்போது தரை வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஐப்பசியில் அத்தையை அழைத்துப் போனபோது மனையைக் காணவில்லை. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். நான்கு எல்லைக்கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

"இன்னாங்க, கடலையா வாங்கினீங்க?" என்றார் அத்தை.

மாமா ஒரு கல்லைக் காட்டினார். அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. "வாட்ச்மேன் இருக்காரு பாரு. சம்பளமே கேக்க மாட்டாரு."

வீடு கட்டும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்களத்தூரிலிருந்து இருவரும் புளிசாதம் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார்கள். மகன் ஹரிபிரசாத் முன்னால் நின்றுகொள்வான். உமரிச்செடி படர்ந்த கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்று, வாட்ச்மேன் டியூட்டிக்கு வந்தாரா என்று பார்ப்பார்கள். கல் காலியாக இருந்தால், "இன்னிக்கு லீவு" என்பார் மாமா. முகம் கொஞ்சம் வாடிவிடும்.

மாமா இறந்த பிறகு அக்கம்பக்கத்து மனைகளில் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். "நாமளும் மண்ணடிச்சு வித்துடலாம்மா, நல்ல விலை வரும்" என்றான் ஹரி. அந்தச் சமயத்தில்தான் சினேகா வந்தாள். கழிமுகத்தையும் உப்புச் சதுப்பையும் காப்பாற்ற நிலம் வாங்கும் ஓர் அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. தண்ணீர் வந்து போக அப்படியே விட்டுவிடுவோம் என்றாள். அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

"எல்லைக்கல்லை மட்டும் பிடுங்கிடுவோம் ஆன்ட்டி. இருந்தா இன்னும் மனைன்னு நெனச்சு புரோக்கருங்க வருவாங்க."

அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ நான் விக்கல."

"ஒரு கல்லுக்காகவாம்மா?"

"வாட்ச்மேன் எங்கடா உக்காருவாரு?"

சினேகா விழித்தாள். ஹரி சிரித்துக்கொண்டே கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஸ்கூட்டரில் முன்னால் நின்று போனதையும் சொன்னான். மண்ணடிக்கும் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

சினேகா வெளியே போய் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். "ஒண்ணு இருக்கட்டுமாம். எது வேணும் ஆன்ட்டி?"

"கிழக்கு மூலை. அங்கதான் வெயில் முதல்ல விழும்."

இந்த ஐப்பசியில் ஹரி அத்தையைக் காரில் அழைத்துப் போனான். எல்லை தெரியாமல் தண்ணீர் பரந்து கிடந்தது. நடுவில் அந்த ஒற்றைக் கல், காலியாக.

"இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு அத்தை புளிசாதத்தைப் பிரித்தார்.