கம்ப்யூட்டரில் பந்தி ஓடாத நாட்கள்

என் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்து சோறு சாப்பிட வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்க வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகள் கல்யாணத்து வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, பந்தி நடக்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டால் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டை இழுத்து வைத்துக்கொள்வார். போடாவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

அவருக்கு மறதி நோய். காலையில் பழைய ஆளாகவே இருப்பார். பாத்திக்குத் தண்ணீர் போயிற்றா, எருமை பால் கொடுத்ததா என்று வரிசையாகக் கேட்பார். வெயில் இறங்கியதும் ஆள் மாறிவிடும். நான் யாரென்று தெரியாது. யாரோ ஒரு பொம்பளை கையால், யாரோ வீட்டில் உட்கார்ந்து சோறு வாங்கிச் சாப்பிட அவருக்கு மனசு வராது. அவர் கௌரவம் அப்படி. நானும் அப்படித்தான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

திருப்பூரில் இருக்கும் மகள் ஒரு தரம் வந்திருந்தபோது சும்மா பொழுது போக அந்த சிடியைப் போட்டாள். டிவிடி என்பாள் அவள். எங்கள் ஊரில் எல்லாமே சிடிதான். தாலி கட்டி முடிந்து, போட்டோ பிடிக்கிற கூட்டம் கலைந்து, பந்தி தொடங்கியது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக இவர் இலை வரிசைக்கு நடுவே நடந்து போகிறார். ‘நல்லாச் சாப்பிடுங்கப்பா. கூச்சப்படாதீங்க. ஏலே, அந்தப் பெரியவருக்குச் சாம்பார் ஊத்து’ என்று சத்தம் போடுகிறார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த இவர் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, ‘அந்தாளு இவ்வளவு சொல்றாரு, இலையப் போடும்மா’ என்றார். அன்றைக்கு ரெண்டாம் சோறும் வாங்கினார். அவர் ஆயுசு பூராவும் தன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்டவரில்லை. இப்போதும் அதே கதைதான்.

அந்தக் கம்ப்யூட்டர் மகள் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. டிவி மாதிரி ஒன்று, பக்கத்தில் பெட்டி மாதிரி ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு முன்னறையில் துணி போட்டு மூடிக் கிடந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதிலும் இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனால் பித்தானை அமுக்கினால் வாய் திறக்கும், சிடியை வைத்துத் தள்ள வேண்டும், வட்டமான படம் வந்ததும் ரெண்டு தட்டு தட்ட வேண்டும் என்று மகள் காட்டிக்கொடுத்ததை நான் ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். கீழே ஓடும் கோட்டைப் பாதிக்கு மேல் இழுத்தால் பந்தி. தினமும் விளக்கு வைத்த கையோடு அதுதான் என் சோலி.

ஐப்பசி மழையில் எங்கள் புகைக் கொட்டகையின் தகரம் காற்றில் பிய்ந்து போனது. மலைப்பூண்டு போடுகிறவர்களுக்கு அது பெரிய இடி. விதைப் பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாக மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே அணையாமல் புகை போட வேண்டும். புகை படாத விதை நமத்து முளைவிட்டுப் போகும். அதனால் பூண்டு மொத்தத்தையும் முன்னறைப் பரணில் தொங்கவிட்டு, தரையில் இரும்புச் சட்டியில் விறகைப் போட்டுப் புகை வைத்தேன். கம்ப்யூட்டரும் அங்கேதான் இருந்தது. இவருடைய நாற்காலியும் அங்கேதான். மேலே பூண்டு, கீழே கதகதப்பு. இவருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது.

கார்த்திகை பிறந்த சமயம் ஒரு நாள் சிடியை உள்ளே தள்ளினேன். வெளிச்சம் மினுக்கியது. உள்ளே கிர்ரென்று சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றி மறுபடி நின்றது. வட்டப் படம் வரவே இல்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

‘சாப்பிடுங்க’ என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ‘இல்லம்மா, நான் வீட்டுல போயிச் சாப்பிட்டுக்கிறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று சொல்லிவிட்டுக் கதவைத் தேடினார். அவர் பிறந்த வீடு அது.

ராத்திரி மாத்திரையைச் சோறு தின்ற வயிற்றில்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று சோறும் இல்லை, மாத்திரையும் இல்லை.

எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் தீப்பெட்டி பற்றாது, உப்பு தண்ணீராகும், காயப்போட்ட சேலை அப்படியே கிடக்கும். எது மக்கர் செய்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான், புகையோரம் வைத்துக் காயவிடுவது. கம்ப்யூட்டரும் நமத்துத்தான் போயிருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். பெட்டியைச் சட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, இன்னும் ரெண்டு விறகு சேர்த்துப் போட்டேன். சிடியையும் நூலில் கோத்துப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். பகல் பூராவும் புகை காட்டினேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் முன்னே மினுக்கிய அளவுக்குக்கூட மினுக்கவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன்.

‘சிடியில கீறல் விழுந்திருக்கும்மா. மெத்துன்னு இருக்குற துணியால நடுவுலேர்ந்து வெளிய துடை.’

துடைத்தேன். துணி பழுப்பாகியது. படம் வரவில்லை.

‘போட்டோக்காரர் ரெண்டு கொடுத்தாருல்ல? இன்னொண்ணு பீரோவுல இருக்கும் பாரு, பிரிக்காம.’

பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. புத்தம் புதுசு. அதையும் போட்டேன். கிர்ரென்றது, நின்றது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

‘சிடி மேல குத்தம் இல்லடி. ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டுப்போகுமா? பெட்டிதான் படிக்க மாட்டேங்குது.’

‘ஆமாம்மா, டிரைவு போயிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குன்னு குடுத்த காப்பி எங்கிட்ட இருக்கு, ஆனா இப்ப வர்ற லேப்டாப்புல சிடி போடுற வாயே கிடையாது. இங்க யாருகிட்டயாவது கேட்டு போன்ல அனுப்புறேன்.’

‘உள்ளங்கை அகலத்துல பந்தி நடந்தா உங்கப்பாவுக்குத் தெரியுமாக்கும்?’

‘அப்ப என்ன பண்ணப் போற?’

‘டவுனுக்குக் கொண்டுபோறேன்.’

‘நீயா?’

‘பின்ன எருமையா?’

மறுநாள் வெள்ளனே எழுந்து பெட்டியைக் கம்பளியில் சுற்றினேன். பகலுக்கு இவரைப் பார்த்துக்கொள்ள ஓரகத்தி வந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, அடுத்த வீடு. சோறு பொங்குவதிலிருந்து பூண்டு காய்வது வரை எல்லாவற்றிலும் எனக்கும் அவளுக்கும் போட்டி. முன்னறையில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

‘ஏக்கா, ஒங்க வீட்டுல பூண்டு காயுதா, மச்சான் காயுறாரா?’

‘வந்த சோலியப் பாரு. மத்தியானம் ரசம் ஊத்திக் குடு, மறுக்காம சாப்பிடுவாரு.’

‘ராத்திரிக்கு?’

‘ராத்திரிக்குள்ள நான் வந்துருவேன்.’

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பெட்டி கனக்கவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் கம்பளியை விரலால் விலக்கிப் பார்த்தார்.

‘என்ன பாட்டி, கம்ப்யூட்டருக்குக் குளிர் ஜுரமா?’

‘டிக்கெட்டக் கிழிய்யா. வைத்தியம் பாக்க வேற ஆளு இருக்கு.’

கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் சந்தில் ஒரு கடை. ஜெராக்ஸ் எடுப்பதும் கம்ப்யூட்டர் பார்ப்பதும் ஒரே பெண்தான். நாற்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் சேலை முந்தானையைச் செருகியிருந்தாள். பெட்டியை மேசையில் வைத்ததும் நின்றுவிட்டாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

‘அம்மா, இது கம்ப்யூட்டரா, ஊறுகாய் ஜாடியா? பூண்டு வாசம் தூக்குது!’

‘மலைப்பூண்டு. வாசம் இல்லாம இருக்குமா?’

‘கிச்சன்ல வெச்சிருந்தீங்களா?’

‘எங்க வீட்டுல சமையக்கட்டுல கம்ப்யூட்டர் வைக்கிற பழக்கமில்ல. பூண்டு ரூமுல இருந்துச்சு.’

அவள் சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தாள். பக்கத்துத் தகடு கழன்றதும் எனக்கே திக்கென்றது. எங்கள் பரண் மூங்கில் எப்படி இருக்குமோ, உள்ளே அப்படி இருந்தது. வயர், விசிறி எல்லாவற்றிலும் பிசுக்குப் பிடித்த புகைக்கரி. சிடி போடும் சின்னப் பெட்டியைத் தனியாகக் கழற்றித் திறந்தாள். நடுவே பயறு அளவில் ஒரு கண்ணாடி. அதன் மேல் காபித் தண்ணி நிறத்தில் ஏடு படிந்திருந்தது.

‘பாருங்கம்மா, இதுதான் லென்ஸ். இது வழியா லைட் போயி சிடியைத் தொட்டுட்டுத் திரும்பி வரணும். இப்படி இருந்தா எப்படித் தெரியும்?’

‘எனக்குக் கண்ணுல புரை விழுந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு’ என்றேன். ‘ஆப்பரேசன் பண்ணாங்க, சரியாப் போச்சு. இதுக்கும் பண்ணும்மா.’

‘ரிஸ்க்தான். ரொம்ப அழுத்தினா அவ்வளவுதான்.’

‘அழுத்தாமப் பண்ணு.’

காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். குச்சி பழுப்பாக வந்தது. இன்னொரு குச்சி. அதற்கப்புறம் இன்னொன்று. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்தக் குச்சிகளையே பார்த்தேன். பொழுதுக்குள் இது சரியாக வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவருக்கு இன்றைக்காவது ஒரு பிடிச் சோறு உள்ளே போக வேண்டும். வேறு நினைப்பே எனக்கு இல்லை. வெள்ளையாகவே ஒரு குச்சி வந்ததும் அவள் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினாள். புது சிடியைத் தள்ளினாள். கிர்ரென்றது. நிற்கவில்லை. கடைத் திரையில் என் மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். பந்தி ஓடினால்தான் இவர் சாப்பிடுவார் என்று அவளிடம் சொன்னேன்.

‘அம்மா, இதை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணித் தர்றேன். இனிமே சிடியே வேண்டாம், இந்தப் படத்தைத் தட்டினா போதும். பந்திக்கு மட்டும் தனியா ஒண்ணு வெச்சுத் தர்றேன்.’ பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். ‘ஆனா ஒண்ணு. மறுபடி அந்தப் புகையில வெச்சா இந்தத் தடவை லென்ஸோட நிக்காது. ஃபேன் அடைச்சு, போர்டு சூடாகி, மொத்தமா போயிடும். ரெண்டையும் ஒரே ரூமுல வைக்காதீங்க. பூண்டா, கம்ப்யூட்டரா, நீங்களே பாத்துக்கோங்க.’

இதற்கென்ன யோசனை, கம்ப்யூட்டரைப் படுக்கிற அறைக்குக் கொண்டுபோனால் ஆயிற்று என்று தெம்பாகத்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தியும் நானுமாக எல்லாவற்றையும் அந்த அறையில் வைத்து வயரை மாட்டினோம். பந்தி அருமையாக ஓடியது. ஆனால் அவரை அங்கே உட்கார வைக்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு போனால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘பொம்பளைக படுக்குற எடத்துல எனக்கென்னம்மா வேலை? வெளிய இருக்கேன்’ என்று தன் நாற்காலிக்கே திரும்பிப்போனார். உள்ளே அவர் குரலே கூப்பிடுகிறது, கூச்சப்படாதீங்க, சாப்பிடுங்க என்று. இவருக்கோ காது மந்தம். அறை தாண்டிக் கேட்கவில்லை.

நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு விதைப் பூண்டை இன்னொரு வீட்டுப் புகையில் வைத்ததே கிடையாது. மாமியார் காலத்திலிருந்து அப்படி. பூண்டு புகை மாறினால் விளைச்சலும் அந்த வீட்டோடு போய்விடும் என்பார்கள். அதை நான் நம்பித்தான் இருந்தேன், இப்போதும் நம்புகிறேன். ஓரகத்தியின் கொட்டகை முழுசாகத்தான் நின்றது, இடமும் இருந்தது. அதைக் கேட்க வாய் வராமல்தானே முன்னறையில் சட்டி வைத்தேன்.

‘ஏத்தா, ஒங்க கொட்டகையில எடம் கெடக்கா?’ என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ‘என்னக்கா, ஒங்க பூண்டு எங்க வீட்டுப் புகைய ஏத்துக்குமா?’

‘ஏத்துக்கும். நல்லாப் போட்டா.’

‘அடுத்த போகம் எங்க காட்டுல மட்டும் விளைஞ்சிருச்சுன்னு சண்டைக்கு வரக்கூடாது.’

‘வருவேன். இப்ப வெரசா ஏணியப் பிடி.’

நான் ஏறினேன். கட்டுகளை அவிழ்த்துக் கீழே இறக்க இறக்க, அவள் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தன் கொட்டகையில் தொங்கவிட்டு வந்தாள். நெருப்புச் சட்டியையும் அவளே தூக்கிக்கொண்டு போனாள். கதவு, சன்னல் எல்லாம் திறந்துவிட்டதும் பனிமூட்டம் உள்ளே வந்து புகையைத் தள்ளியது. ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் பழைய இடத்தில் வைத்தோம். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. எங்கள் ரெண்டு பேரையும் கல்யாண வீட்டு வேலைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்.

படத்தைத் தட்டினேன். இலை வரிசை வந்தது, அவர் வந்தார். ‘நல்லாச் சாப்பிடுங்கப்பா’ என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நாற்காலியில் இருந்தவர் துண்டைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

‘பந்தி ஆரம்பிச்சாச்சா? என்னம்மா, இவ்வளவு நேரம்?’

‘அடுப்புல கொஞ்சம் தகராறு, அதான். உக்காருங்க.’

சோற்றைப் போட்டேன். பிசைந்தார். முதல் வாய் வைத்து மென்று விழுங்கும் வரை நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ரெண்டாவது வாய் அவரே எடுத்தார். ரசத்துக்குக் கொஞ்சம் சோறு கேட்டார். மோருக்கும் கேட்டார். கை கழுவத் தண்ணீர் கொடுத்தபோது மாத்திரையையும் கொடுத்தேன், வெற்றிலை பாக்கு வாங்குகிற மாதிரி ரெண்டு கையாலும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

‘சமையல் நல்லாருக்குன்னு வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிருங்க’ என்றார்.

‘சொல்லிடுறேன்’ என்று சொல்லிவிட்டு, பானையில் மிச்சமிருந்த சோற்றை ஓரகத்திக்கும் எனக்குமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.